மன்னிப்பை அவசரப்படுத்த வேண்டாம்

பிறர் இழைத்த தீங்கினால் காயமுற்று மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் உறவினர் பலரும் சொல்வது ஒன்று உண்டு: "நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துவிடு." அடித்த கணவனையோ, வெட்டிய பங்காளியையோ, குடித்துவிட்டு வண்டியை மோதியவரையோ மன்னிக்கும்படி, தையல் பிரிக்கும் முன்னரே வற்புறுத்துகின்றனர். கத்தோலிக்கக் குடும்பங்களில் இதற்குத் திருமறையையும் துணைக்கு அழைப்பதுண்டு. அன்பினால் சொல்லப்படினும், இவ்வற்புறுத்தல் நோயாளிக்கு இன்னொரு சுமையாகிவிடுகிறது என்பதே மருத்துவர்களாகிய எங்கள் கருத்து.

மன்னித்தல் கிறித்தவருக்குக் கடமை என்பதில் ஐயமில்லை. தம் பாவங்களுக்கு மன்னிப்பு வேண்டும் ஒவ்வொரு முறையும், தமக்குத் தீங்கு செய்தோரை மன்னிப்பதையும் சேர்த்தே சொல்லும்படி இயேசு கற்பித்தார். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, கணக்குப் பார்க்க இடமின்றி விடையளித்தார். ஆயினும், இழைக்கப்பட்ட தீங்கை உணராதிருப்பதும் மறந்துவிடுவதும் மனிதரின் ஆற்றலுக்குள் இல்லை என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, "இன்னும் மனம் ஆறவில்லை" என்று சொல்லும் நோயாளி விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர்.

மன்னிப்பு நீதியை விலக்கிவிடுவதும் இல்லை. 1981 மே 13 அன்று, உரோமையின் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துப்பாக்கியால் சுடப்பட்டார். ஜெமெல்லி மருத்துவமனையில் பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்த அவர், நான்கே நாள்களில், சுட்டவரை மன்னித்துவிட்டதாக ஒலிப்பதிவுச் செய்தி வழியே அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். எனினும் வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டது. இத்தாலியக் குடியரசுத் தலைவர் பொதுமன்னிப்பு வழங்கியது 2000ஆம் ஆண்டில்தான்.

எல்லாருக்கும் நான்கு நாள்கள் போதுமானவை அல்ல. அருட்சகோதரி இராணி மரியா 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் பேருந்துப் பயணத்தின்போது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். துறவியாகிய அவருடைய தங்கை, கொலையாளியைச் சிறையில் சந்தித்து இராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றுக்கொண்டது 2002ஆம் ஆண்டில். இடையே ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. இரு நிகழ்வுகளிலும் பாதிக்கப்பட்டவர்களே முன்வந்து மன்னித்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நீங்காத சினம் உறக்கத்தைக் கெடுக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும், வலியைக் கூட்டும். இதனை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், மாத்திரையைப் போல வேளை குறித்து மன்னிப்பை எழுதிக் கொடுக்க எங்களால் இயலாது. சினத்தை விழுங்கிக்கொண்டு வாயளவில் மன்னித்தவருக்கு உறக்கம் திரும்பிவிடுவதும் இல்லை.

எனவே, உடனிருந்து பேணுவோரிடம் சிலவற்றை வேண்டுகிறோம். முதலில், நோயாளி சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். "மன்னித்துவிடு" என்பதை "புகாரைத் திரும்பப் பெறு" என்றோ, "அதே வீட்டுக்குத் திரும்பிப் போ" என்றோ பொருள்படச் சொல்லாதீர்கள். அடித்தவரை மன்னித்த பெண், அவரிடமிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்தில் வாழ்வதில் பிழை ஏதுமில்லை. காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்கும்படி நோயாளியைத் தூண்டாதீர்கள். சரியான சிகிச்சைக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் அந்த உண்மை தேவை. அருள்பணியாளரைக் காண நோயாளி விரும்பினால், ஒப்புரவு அருட்சாதனத்துக்கோ நோயில்பூசுதலுக்கோ செவிலியரிடம் தெரிவியுங்கள். இரவாயினும் தயங்க வேண்டாம்.

இறுதி நாள்களில் இருப்போரின் குடும்பத்தார், "மன்னிக்காமல் போய்விடுவாரோ" என அஞ்சுவதை நாங்கள் அறிவோம். மன்னிப்பு என்பது உணர்ச்சி மாறிவிடுவதன்று. இறையருளின் துணையோடு மனம் எடுக்கும் முடிவு. "மன்னிக்கும் மனத்தைத் தாரும்" என்று நோயாளி வேண்டினாலே அது தொடங்கிவிட்டது. அவ்வேண்டுதலை அவர்தம் சொற்களில், அவர்தம் வேளையில் சொல்லட்டும். அதுவரை அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றியிருங்கள்.