ஒரு ஸ்க்ரூ தானே!

லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்துப் புதுப் படகு வாங்குகிறவர் அதில் என்னவெல்லாம் பார்க்கிறார்? எஞ்சின் எந்தக் கம்பெனி, அடுப்பு விறகா கேஸா, சோலார் எத்தனை வாட், படுக்கை எத்தனை அடி. ஜன்னல் சட்டத்தை எதை வைத்து முறுக்கியிருக்கிறார்கள் என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர். அவருக்கும் பதில் தயாராக இருக்கிறது: "எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது." கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. ஒழுகப் போவது மூன்றாவது குளிர்காலத்தில்தானே!

இங்கே பேச்சு இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்கிற ஒல்லிப் படகுகளைப் பற்றி. அந்தக் கால்வாய்களின் பூட்டுவாயில்கள் பலவும் ஏழு அடி அகலம்தான். அதனால் படகு 6 அடி 10 அங்குலம். நீளம் மட்டும் எழுபது அடி வரை போகும். ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்த ஜாதி, இன்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடு. வார இறுதிப் பொழுதுபோக்கு இல்லை, நிரந்தர வீடு. லண்டன் வாடகையைப் பார்த்து மிரண்டு படகுக்குக் குடிபோனவர்களும் அதில் நிறைய உண்டு.

இன்று கட்டப்படும் படகுகளில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேலே இருக்கும் கேபினுக்கு 4 என்பது பரவலான அளவு. அந்த 4 மில்லிமீட்டர் தகட்டில் செவ்வகமாக ஒரு ஓட்டை வெட்டி, கண்ணாடி பொருத்திய அலுமினியச் சட்டத்தை வெளியிலிருந்து வைத்து, விளிம்பைச் சுற்றி ஸ்க்ரூ போடுவார்கள். சட்டத்துக்குப் பதினைந்து இருபது ஸ்க்ரூ. எட்டு ஜன்னல் என்றால் நூற்றைம்பதைத் தொடும்.

வில்லங்கம் ஆரம்பிப்பது இங்கேதான். அவசரக்காரக் கட்டுநர் கையில் எடுப்பது எட்டாம் நம்பர் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. ஒரு ஓட்டை போடு, முறுக்கு, அடுத்தது. தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு போகும் ஜாதி அது. வாஷிங் மெஷின் முதுகுத் தகடு, கம்ப்யூட்டர் பெட்டி மாதிரி மெல்லிய தகட்டுக்குப் பிறந்த ஸ்க்ரூ. அதன் விட்டம் 4.2 மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.4 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் தகட்டில் எத்தனை மரை கவ்வும் என்று வகுத்துப் பார்க்க பொறியியல் பட்டம் தேவையில்லை. மூன்றுகூட முழுசாகத் தேறாது.

அதே இடத்தில் 4.2 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஓட்டை போட்டு, டேப் விட்டு மரை வெட்டி, எம்5 மெஷின் ஸ்க்ரூ போட்டால்? இடைவெளி 0.8 மில்லிமீட்டர். ஐந்து மரை கவ்வும். ஸ்க்ரூவும் தடிமனாகிறது, பிடியும் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து தடவை கழற்றி மாட்டினாலும் அதே மரையில் வந்து உட்காரும். செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்பப் போடும்போது பழைய தடத்தைத் தவறவிட்டுப் புதுத் தடம் வெட்ட ஆரம்பித்தால் இருந்த மூன்று மரையும் மாவாகிவிடும். அப்புறம் இன்னும் பெரிய ஸ்க்ரூ, இன்னும் பெரிய ஓட்டை. மரை கழன்ற கேஸ் என்று சொல்வார்களே, அது இதுதான்.

"ஜன்னலை எதற்குக் கழற்ற வேண்டும்?" என்பது இவர்களின் எதிர்க்கேள்வி. கழற்றாமல் எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்த நுரை நாடா இறுகிப் போகும். பூட்டுவாயில் சுவரில் இடித்துக் கண்ணாடி விரியும். பத்து வருஷத்துக்கு ஒருமுறையாவது படகுக்கு முழுசாக பெயின்ட் அடிக்க வேண்டும், அதை ஒழுங்காகச் செய்ய ஜன்னல் வெளியே வந்தாக வேண்டும். கழற்றவே வேண்டியிருக்காது என்று நினைத்து ஜன்னல் போடுகிறவர், அந்தப் படகு தன் கையை விட்டுப் போனபிறகு நடப்பதைப் பற்றி நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்தது அந்த மந்திரச்சொல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தமிழில் அதற்கு எவர்சில்வர் என்று எவ்வளவு நம்பிக்கையோடு பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். என்றைக்கும் வெள்ளியாம்! சாம்பார் வாளிக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஸ்க்ரூவிலும் பெரும்பாலும் பொருந்தும். சிக்கல் அதில் இல்லை. ஸ்க்ரூ துருப்பிடிக்காது, சரி. அது குத்தியிருக்கும் ஓட்டை?

படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் பல இடங்களில் ஜன்னலுக்கு ஓட்டை போடுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டையின் உள்சுவரும் பச்சை இரும்பு. ஜன்னலுக்காக வெட்டிய விளிம்பும் அப்படியே. பிரைமரைத் தொட்டு ஒரு தடவு தடவ ஒரு ஓட்டைக்கு ஐந்து விநாடி ஆகும். அதைச் செய்வதில்லை. சட்டம் மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதுதான் காரணம். ஈரம் போய்ச் சேர்ந்ததும் இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். கேட்ட இடத்தைச் சட்டத்தைத் தள்ளியே எடுத்துக்கொள்ளும். சட்டம் ஒரு முடியளவு நகர்ந்தாலே அடைப்பு விட்டுப்போகும், இன்னும் தண்ணீர் இறங்கும், இன்னும் துரு. நடுவில் நிற்கும் ஸ்க்ரூ மட்டும் பளபளவென்று இருக்கும். துருவே பிடிக்காது என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டது அல்லவா :-)

உலோகத்தோடு உலோகம் சேரும்போது என்ன ஆகும் என்பது நேற்று கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. கப்பல் புழுவும் பாசியும் ஒட்டாமல் இருக்கத்தான். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலை 1763-ல் பார்த்தால் செம்பு நன்றாக இருக்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் குழம்பாகிக் கிடக்கின்றன. சில ஆணிகள் மட்டும் தப்பித்திருந்தன. ஏன்? தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழிபடாமல் ஆணித் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது! வோல்டா தன் மின்கலத்தை அறிவித்ததே 1800-ல்தான். அதற்கு 37 வருஷம் முன்பே ஒரு துண்டுக் காகிதம் முழுப் பாடத்தையும் நடத்திவிட்டது. இரண்டு உலோகமும் நேராகத் தொடக்கூடாது. அதைவிட முக்கியமாக, அரிபடும் உலோகம் சின்னதாகவும் அரிக்கவைக்கும் உலோகம் பெரிதாகவும் இருக்கக்கூடாது.

இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ என்றால் அரிப்பு பெரிய பரப்பில் பரவிவிடும், மெதுவாகத்தான் நடக்கும். ஸ்க்ரூ தலையைச் சுற்றி பவுடர் கோட்டிங் கொப்புளமாக எழும்பும், அவ்வளவே. ஆனால் பெரிய இரும்புத் தகட்டில் குட்டி அலுமினிய ரிவெட் அடித்தால் அது 'அலார்ம்' கப்பலின் ஆணிக் கதை, ஆட்கள் மட்டும் வேறு. தகட்டில் பெயின்ட் இருக்கும்வரை பிழைக்கும். ரிவெட் ஓட்டைக்குள் ஏது பெயின்ட்? போதாக்குறைக்கு சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே குழாய்போல வழி இருக்கிறது, அதற்குள் உடைந்து நிற்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். கழற்ற வேண்டும் என்றால் ட்ரில் போட்டுப் பிய்த்தெடுக்க வேண்டும். ரிவெட்டை எதிர்க்க இந்த ஒன்றே போதும். பித்தளை ஸ்க்ரூ பார்க்க ஜோர். ஆனால் அலுமினியத்துக்கும் செம்புக் கலவைகளுக்கும் ஜென்மப் பகை. பித்தளை வட்ட ஜன்னலுக்குப் போடட்டும், அலுமினியத்துக்கு வேண்டாம்.

கால்வாய் என்ன கடலா, உப்பா இருக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். நல்ல தண்ணீரில் மின்னரிப்பு வேகம் குறைவு, ஜன்னல் தண்ணீருக்கு மேலேயும் இருக்கிறது. அதனால்தான் மாலிப்டினம் கலந்த ஏ4 ரகம்தான் வேண்டும் என்று பயமுறுத்திக் கூடுதல் காசு கறப்பதும் தேவையில்லாதது. கால்வாய்க்கு ஏ2 போதும், கடலுக்குப் போகிறவர் ஏ4 வாங்கட்டும். ஆனால் உப்பு இல்லை என்பதால் ஈரம் இல்லை என்று ஆகாது. ஏழடி அகல இரும்புப் பெட்டிக்குள் சமைத்து, துணி உலர்த்தி, மூச்சுவிட்டுத் தூங்குகிறார்கள். குளிர்காலக் காலையில் சட்டத்தின் உட்பக்கம் முழுக்க நீர் முத்துக்கள். தேவைக்குமேல் நீளமான ஸ்க்ரூவின் முனை பலகைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது வெளிக்குளிரை உள்ளே கடத்தும் கம்பி. ஒவ்வொரு முனையிலும் சொட்டுத் தண்ணீர், நூற்றைம்பது முனை.

சிலிக்கானைத் திட்டாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. "சுத்திச் சிலிக்கான் அடிச்சிடு" என்பது உலகமெங்கும் வேலை தெரியாதவரின் தேசிய கீதம். கடையில் கிடைக்கும் மலிவு ட்யூபில் காடி வாசனை வரும். அது வெறும் வாசனை இல்லை, இறுகும்போது அசிட்டிக் அமிலமே வெளிவருகிறது. பச்சை இரும்பு விளிம்புக்கு அமிலம் தடவுவதுதான் வைத்தியம் போலும்! ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் பெயின்ட் ஒட்டாது, குழிகுழியாக விலகும். அதற்குப் பதிலாக என்றைக்கும் இறுகாத பியூட்டைல் நாடா இருக்கிறது. அது அசைவுக்கு வளைந்து கொடுக்கும். அசைவு உண்மையிலேயே இருக்கிறது. அலுமினியம் வெயிலில் விரிவது இரும்பைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் சட்டத்துக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கு வருகிறது. கறுப்புச் சட்டம் கோடை வெயிலில் தினமும் இந்த உடற்பயிற்சியைச் செய்கிறது. ஆகவே சட்டத்தின் ஓட்டை ஸ்க்ரூவைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும், முறுக்குவதிலும் நிதானம் வேண்டும். பேட்டரி ட்ரில்லை முழு வேகத்தில் வைத்து நசுக்கினால் நாடா முழுதும் வெளியே பிதுங்கிவிடும், அடைக்க எதுவும் மிஞ்சாது.

ஒழுகினால் என்ன, துடைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு அந்தத் தண்ணீர் போகும் வழி தெரியாது. அது கண்ணாடி ஓரமாக வந்து நிற்பதில்லை. பலகைக்குப் பின்னால் இறங்கி, மரச்சட்டங்களை நனைத்து, தரைக்கு அடியில் அடித்தகட்டில் போய்த் தேங்குகிறது. வாங்கியவர் குளியலறைக் குழாயைச் சந்தேகப்படுகிறார், பம்ப்பை மாற்றுகிறார், தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்படுகிறார். இரண்டு குளிர்காலம் இப்படிப் போனபிறகு பலகையைப் பிரித்தால் ஜன்னலுக்குக் கீழே கறுத்துப்போன ப்ளைவுட். அதற்குள் அடித்தகடு உள்ளேயிருந்து துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். வெளிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூச்சும் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் அனோடும் உண்டு, உட்பக்கத்துக்கு யார் காவல்? நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் கேஸ், எரிபொருள், மின்சாரம், தீ என்று போகிறது. உயிர்போகும் ஆபத்தை அது பார்க்கிறது, அதன் வேலை அது. ஜன்னல் ஸ்க்ரூவைப் பார்ப்பது எந்த அதிகாரியின் வேலையும் இல்லை. கட்டுகிறவரின் மனசாட்சி மட்டும்தான் பார்க்கும்.

மரை வெட்ட நேரமாகிறது என்பது கடைசி வாதம். ஆகும். நூற்றைம்பது ஓட்டைக்கு டேப் விட்டால் ஒன்றிரண்டு நாள் போகும், நடுவில் ஒன்றிரண்டு டேப் உடையும், எரிச்சல் வரும். ஸ்க்ரூ செலவு லட்சம் பவுண்டில் கண்ணுக்கே தெரியாது. ஆக மிச்சப்படுத்துவது ஒருவருடைய இரண்டு நாள் கூலி. அந்த இரண்டு நாளையும் பின்னால் இன்னொருவர் பலகை பிரிக்கும் கூலியாக, காயாத படுக்கையாக, குழந்தைக்கு வரும் இருமலாகக் கொடுக்கிறார். விலையைக் கூட்டிச் சொல்லி வேலையை ஒழுங்காகச் செய்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சொல்லாமல் குறைப்பதுதான் அயோக்கியத்தனம்.

எல்லாப் படகுக்கும் எம்5 தான் என்றும் இல்லை. கேபின் ப்ளைவுட்டில் இருந்தால் மரை வெட்ட இரும்பே கிடையாது, அங்கே உள்ளும் புறமும் ஊடுருவும் நட்டு போல்ட்டுதான் சரி. மெல்லிய ஃபைபர் படகில் உள்வளையம் வெளிவளையம் இரண்டும் தகட்டைக் கவ்வும் சட்டம் நல்லது, அதில் தகட்டுக்கு ஸ்க்ரூ பிடிக்கும் வேலையே இல்லை. இரும்புக் கேபினுக்கும் இந்தக் கவ்வும் சட்டம் கிடைக்கிறது. நூற்றைம்பது ஓட்டையும் மிச்சம், துருவும் மிச்சம்.

புதுப் படகு வாங்குகிறவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. காசைக் கொடுக்கும் முன், ஏதாவது ஒரு ஜன்னலைக் காட்டி, இதைக் கழற்றித் திரும்ப மாட்டிக் காட்டுங்கள் என்று கட்டியவரிடம் கேட்க வேண்டும். மரை வெட்டி, ஓட்டைக்குப் பிரைமர் தடவி, ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்து, பியூட்டைல் நாடாவில் உட்காரவைத்தவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவரப் போவார். மற்றவர் முதலில் டீ சாப்பிடலாமா என்று கேட்பார்.