பின்னால் வருபவருக்கான படம்

டாக்காவின் பழைய நகரத்துச் சந்துக்குள் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நுழைகிறது. அதன் பின்புறம், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தகரப் பலகை. அதில் தாஜ்மஹால். பக்கத்தில் ஓர் ஆறு, ஆற்றில் படகு, பாலத்தின் மேல் ரயில், வானத்தில் விமானம்! எல்லாமே ஒரே பலகையில்.

இந்தப் படத்தை ரிக்‌ஷா மிதிப்பவரால் பார்க்க முடியாது. சவாரி போகிறவராலும் முடியாது. நெரிசலில் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்குத்தான் அது. டாக்கா நெரிசலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும், ரொம்ப நிதானமாகவே பார்க்கலாம்.

அப்படியானால் யாரோ ஒருவர் பார்ப்பதற்காகக் காசு செலவழித்துப் படம் போடச் சொன்னது யார்? ரிக்‌ஷாவின் சொந்தக்காரர். அங்கே பெரும்பாலான ரிக்‌ஷாக்கள் மிதிப்பவருக்குச் சொந்தமில்லை. பல ரிக்‌ஷாக்களை வைத்திருக்கும் முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். தன் வண்டி மற்ற வண்டிகளைவிடப் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்ற முதலாளியின் ஆசையில்தான் இத்தனை ஓவியர்களுக்கும் அடுப்பெரிந்தது.

ஜப்பானில் பிறந்த ரிக்‌ஷா, 1930-களின் பிற்பகுதியில் கொல்கத்தா வழியாக டாக்காவுக்கு வந்தது. அதன் உடம்பை ஒருவர் செய்வார். மடக்குக் கூரையில் வண்ண ரெக்சின் துணியை வெட்டி ஒட்டி, பூவும் மயிலும் தைப்பது இன்னொருவர் வேலை. பின்பலகை ஓவியருடையது. கதவு, ஜன்னலுக்கு அடிக்கிற அதே எனாமல் பெயின்ட்தான். ரோஜா நிறம், கிளிப்பச்சை, மஞ்சள்... பத்தடி தள்ளி வருபவர் கண்ணிலும் பட வேண்டுமே! ஓவியர்களில் பலர் ஓவியப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள். குருவின் பக்கத்தில் உட்கார்ந்து தூரிகை கழுவிக் கற்றுக்கொண்டவர்கள். சிலர் சினிமா பேனரும் வரைந்தார்கள். பல வண்டிகளில் 'மாயேர் தோவா' என்று எழுதியிருக்கும். அம்மாவின் ஆசி என்று பொருள். நம்மூர் ஆட்டோவில் 'அன்னை துணை' போல.

அந்தப் பலகைகளை வரிசையாக வைத்தால் நாட்டின் கதையே தெரியும். 1960-களில் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது சினிமா நட்சத்திரங்கள். 1971-ல் வங்கதேசம் பிறந்ததும் துப்பாக்கி ஏந்திய விடுதலைப் போராளிகள். பிறகு, மனித உருவம் வரையக் கூடாது என்று 1970-களில் ஒரு கெடுபிடி வந்தது. ஓவியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மனிதர்கள் செய்கிற வேலையை எல்லாம் மிருகங்களிடம் கொடுத்துவிட்டார்கள்! நடுரோட்டில் நரி டிராஃபிக் போலீஸாக நிற்கும். முயல் குட்டி புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகும். குறும்பு என்றால் இதுதான்.

கெடுபிடியைச் சமாளித்தவர்களால் பிரிண்டரைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு பலகையைக் கையால் வரைகிற நேரத்தில் அதே படத்தை டிஜிட்டல் பிரிண்டில் நூறு எடுத்துவிடலாம், விலையும் குறைவு. முதலாளி கணக்குப் பார்ப்பார் அல்லவா? அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டிக்கு எப்படியும் சில வருடங்களில் பலகை மாற்ற வேண்டும். இப்போது பேட்டரி ரிக்‌ஷாக்களும் பெருகிவிட்டன. அவற்றில் பலவற்றில் படமே கிடையாது.

இந்த நிலையில்தான் 2023 டிசம்பர் 6-ம் தேதி, டாக்காவின் ரிக்‌ஷாக்களையும் ரிக்‌ஷா ஓவியத்தையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஊரே கொண்டாடியது. கூடவே ஒரு கேள்வியும் இருந்தது. பட்டம் கிடைத்த ஓவியத்தை எந்த ரிக்‌ஷாவில் போய்ப் பார்ப்பது?

வெளியில் இருந்தவர்கள் இதை முன்பே கவனித்துவிட்டார்கள். அமெரிக்க மானுடவியலாளர் ஜோவன்னா கிர்க்பாட்ரிக் 1970-களிலிருந்தே இந்தப் பலகைகளைப் படமெடுத்து ஆவணப்படுத்தினார். 1988-ல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஒரு கிளையில் இவற்றுக்கென்றே கண்காட்சி நடந்தது. ஜப்பானின் ஃபுகுவோகா ஆசியக் கலை அருங்காட்சியகத்திலும் பலகைகள் இருக்கின்றன. டாக்கா தெருவில் ஓடியவை துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போக, கடல் தாண்டியவை பத்திரமாகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

ஓவியர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தேநீர்க் கெட்டில், அரிக்கேன் விளக்கு, கறுப்புக் கண்ணாடியின் சட்டம், காபிக் கடைச் சுவர் என்று அதே மயிலும் தாமரையும் இடம் மாறிவிட்டன. காசு ரிக்‌ஷாவில் கிடைத்ததைவிடக் கூடுதல்தான். வாங்குபவர்கள் சுற்றுலா வந்தவர்களும் வசதியான வீட்டுக்காரர்களும். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள்.

பழைய நகரத்துச் சந்தில் அந்த ரிக்‌ஷா இன்னும் நகரவில்லை. பின்னால் நிற்கிறவர் தன் முன்னால் இருக்கிற தாஜ்மஹாலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அதன் ஓரத்தில் ஸ்டிக்கர் பிரிந்து தொங்குவது தெரிகிறது.