வாசலில் கைவிட்ட தடை

வான்கோழியின் வால் பகுதி கொழுப்பு மிகுந்தது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் அந்தத் துண்டு, மலிவு இறைச்சியாகப் பசிபிக் தீவுகளுக்குக் கப்பல் ஏறியது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட சமோவா, 2007இல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. 2012 மே மாதம் உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தபோதோ, தடையை விலக்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்த பிறகே உள்ளே நுழைய முடிந்தது. ஈடாகக் கிடைத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு 300 விழுக்காடு வரி விதிக்கும் அனுமதி; பிறகு அந்த வரி 100 ஆகக் குறைய வேண்டியிருந்தது.

எந்த நடுவர் குழுவும் சமோவாவைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. வழக்கே நடக்கவில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

வர்த்தகச் சட்டமே மக்கள் நலனுக்குப் பகை என்று நான் சொல்ல மாட்டேன். சரக்கு வர்த்தகத்துக்கான காட் (GATT) ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு, மனித உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையான நடவடிக்கைகளை அனுமதிக்கிறது. கல்நார் மீது பிரான்ஸ் விதித்த தடையை எதிர்த்து வழக்காடிய கனடா 2001இல் தோற்றது. சட்டம் முதன்மையாகக் கேட்பது பாரபட்சம் உண்டா என்பதைத்தான். 1990இல் தாய்லாந்து தோற்றதற்குக் காரணம், உள்நாட்டு சிகரெட்டை விற்கவிட்டு வெளிநாட்டு சிகரெட்டை மட்டும் தடுத்தது. ஃபிஜி 2000இல் கொழுப்பு மிகுந்த ஆட்டு அடிவயிற்று இறைச்சியைத் தடுத்தபோது, எந்த நாட்டுச் சரக்கானாலும் விற்கக் கூடாது என்றது. அந்தத் தடை நிலைத்தது.

ஆனால் வழக்காடி வெல்லக் காசும் காலமும் வேண்டும். சின்னமும் வண்ணமும் இல்லாத ஒரே மாதிரி சிகரெட் பெட்டியை 2012 டிசம்பரில் கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியாவுக்கு, அதை எதிர்த்து உலக வர்த்தக நிறுவனத்தில் வந்த வழக்கில் இறுதி வெற்றி வந்தது 2020 ஜூனில். அந்த வழக்கின் முடிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 2013இல் நியூசிலாந்தே தயங்கியது. அங்கே அந்தப் பெட்டி வந்தது 2018இல்தான். வசதியுள்ள நாட்டின் கதி இது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் சமோவா என்ன செய்யும்?

அதிலும், சேரக் காத்திருக்கும் நாட்டுக்கு 20ஆம் பிரிவைக் காட்டி வாதாட ஒரு மன்றம்கூட இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் கேட்பார்கள். வெளியே நிற்பவர் கையெழுத்திடுவார். மருத்துவச் சான்றுக்கு அங்கே வேலையில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும். ஒரு நாட்டின் சுகாதாரத் தடையை நீக்கச் சொல்லும் உறுப்பு நாடு, அது 20ஆம் பிரிவுக்குள் அடங்காது என்பதை மருத்துவ வல்லுநர்களும் அமர்ந்த ஒரு குழுவின் முன் முதலில் நிறுவட்டும். நிறுவும்வரை தடை நீடிக்கட்டும்.