ஞானப்பல்லைப் பிடுங்க என்ன அவசரம்?

ஞானப்பல் சரியாகக் காலேஜ் படிக்கிற வயசில்தான் முளைக்கும். 17-லிருந்து 25 வரை என்பது பொதுவான கணக்கு. (ஞானம் கூடவே வருகிறதா தெரியாது, செமஸ்டர் நேரத்தில் வீக்கம் மட்டும் கரெக்டாக வந்துவிடும்.) டாக்டரிடம் போனால் தாடை முழுக்க ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "நாலையும் எடுத்துடலாம், இல்லன்னா பின்னாடி தொல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. வலிப்பது ஒன்று. மற்ற மூன்றும் என்ன பாவம் செய்தன?

தொல்லை தராத பல்லைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. இது நானாகக் கிளப்பிவிட்டது இல்லை. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலேயே 'நைஸ்' என்ற அரசு அமைப்பு, நோய் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்று சொல்லி எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அமெரிக்காவில் வருஷத்துக்கு 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுவதாகவும், அதில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையே இல்லாதது என்றும் ஜே ஃப்ரீட்மன் என்ற பல் மருத்துவர் 2007-இல் எழுதினார். கீழ்த்தாடைப் பல்லின் வேருக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் அடிபட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே நின்றுவிடும். தேவையில்லாத பல்லுக்காக இதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஞானப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டிருந்தால், நடுவில் சோறு சிக்கி, பிரஷ் போகாமல், அந்த நல்ல பல் சத்தமில்லாமல் சொத்தையாகும். பிரிட்டனில் 2000-க்குப் பிறகு இப்படிப்பட்ட கேஸ்கள் அதிகமாகத் தென்பட, 2020-இல் அங்குள்ள அறுவை மருத்துவர் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுங்கள் என்று கொஞ்சம் தளர்த்திச் சொன்னது. வயசு ஏற ஏற எலும்பு இறுகி, எடுப்பதும் ஆறுவதும் கஷ்டம் என்பதும் உண்மைதான்.

நம்ம ஊர்க் கதையே வேறு. ஒரு பக்கம் நாலையும் பிடுங்கு என்கிறார்கள், இன்னொரு பக்கம் பிடுங்கவே வேண்டிய பல்லைக் கிராம்பு வைத்து, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கி மாசக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கேட்டால், "மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடும்"! பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பாதி முளைத்த பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறில் சீழ் பிடித்து, அது கழுத்துக்கு இறங்கி, வாயே திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதனால் டாக்டர் "நாலையும்" என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் தனியாகக் காரணம் கேளுங்கள். எக்ஸ்ரேயில் வேரும் நரம்பும் எவ்வளவு பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள். "இப்போதைக்கு விட்டுவிட்டு வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா?" என்றும் கேளுங்கள். எரிச்சல்பட்டால் இன்னொரு டாக்டரிடம் போய்க்கொள்ளலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவும் ரொம்பக் குறைவு.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுத்த பிறகு ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்காதீர்கள், சிகரெட் பக்கம் போகாதீர்கள். குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிட்டால் வரும் வலி, பல்வலியைவிட மோசம்.