நல்வரவு யாருக்கு?

வாயில் நிலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம். உள்ளே ஒரு துணி. அதில் இரு கிளிகள். நடுவே 'நல்வரவு' என்னும் நூலெழுத்து. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர் வாழும் தெருவொன்றில், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மாணவியைத் தேடிச் சென்றபோது அதைக் கண்டேன்.

"என் மகள் தைத்தது, ஐயா! இந்தக் கைவேலை போதாதா? இனிப் படிப்பு எதற்கு?" என்றார் தந்தை.

வருவோர்க்கெல்லாம் வரவேற்பு தைத்தவளுக்கு வகுப்பறை வாயில் அடைபட்டுவிட்டது!

ஊசியை இகழவில்லை நான். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண்கள் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அப்பின்னல் தந்த காசால் தம் விடுதலையையே வாங்கினர். அங்கே ஊசி, விலங்கை உடைத்தது. இங்கே அதுவே விலங்காக வேண்டுமா?

சீமையிலும் சிறுமியர் தைத்தனர். அகரவரிசை, அறவுரை, ஓரத்தில் தம் பெயர், வயது. பழம்பொருள் என்று இன்று அவற்றைப் பெருவிலைக்கு வாங்குகின்றனர். பிறர் சொன்னதையெல்லாம் தைத்த அச்சிறுமியர்க்குத் தம் எண்ணத்தைத் தைக்க இடமில்லை.

அந்த மரபை உடைத்தாள் எலிசபெத் பார்க்கர் என்னும் பணிப்பெண். 1830ஐ ஒட்டி, தனக்கு எழுத வராதென்று தொடங்கி, வேலை செய்த வீட்டில் பட்ட கொடுமையையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும் செந்நூலால் வரிவரியாகத் தைத்தாள். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அத்துணி, பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அவள் நிற்கவில்லை, பின்னாளில் ஊர்ப் பள்ளியின் ஆசிரியையானாள்!

எழுத வராதவள் ஊசியால் எழுதினாள். எழுத வல்லவளின் எழுதுகோலைப் பறித்து ஊசியை மட்டும் கொடுக்கிறோமே, இது முறையா?

"சட்டம் இருக்கிறதே" என்பர் சிலர். 2009ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கல்வி உரிமை 14 வயதோடு முடிகிறது. அதன்பின் அவளுக்காக வாதாட வேண்டியவர் யார்? பெற்றோரே, நீங்களல்லவா?

நம் ஊரில் பீங்கான் களியை அச்சில் வார்க்கிறோம். சூளையில் வெந்தபின் அதன் உருவம் மாறாது. பெண் களிமண்ணல்லள், நாம் வைத்த அச்சிலேயே அவள் நின்றுவிட வேண்டியதில்லை.

அவள் தைத்த துணியைச் சட்டத்துக்குள் வையுங்கள், அவளை வைக்காதீர்கள். நாளைக் காலை மணியடிக்கும்போது பள்ளிக்கு அனுப்புங்கள். அவள் பிறர்க்குத் தைத்த சொல்லை அவளுக்கே சொல்வோம்: நல்வரவு!