சஞ்சிகை வாசிப்பவன் சோம்பேறியா?

எமது பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை வினாத்தாளை விரித்து வைத்திருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பவரையும் கேட்பதில்லை. சஞ்சிகை ஒன்றைக் கையிலெடுத்தவரை மாத்திரம், "என்ன மாஸ்டர், பொழுது போகுதில்லையோ?" என்று கேட்பார்கள். கேட்பவர் தீயவரல்லர். நூல் என்பது அறிவு, சஞ்சிகை என்பது பொழுதுபோக்கு என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் அதை மாணவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த எண்ணம் வாய்ப்பேச்சளவில் நின்றுவிட்டால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலை நூலகத்தில், கயிற்றால் கட்டிய பழைய சஞ்சிகைக் கட்டுகள் பழைய கடதாசியாக நிறுத்து விற்கப்பட்டதை நாம் நேரிற் கண்டோம். காரணம் கேட்டோம். "இடாப்பில் இல்லாத பொருள்" என்றார்கள். நூலுக்கு இலக்கம் உண்டு. ஆண்டுதோறும் கணக்கெடுப்பு உண்டு. ஒரு நூல் காணாமற்போனால் பொறுப்பாளர் பணம் கட்டவேண்டும். சஞ்சிகைக்கு இலக்கமுமில்லை, கணக்குமில்லை. தொலைந்தாலும் தொலையாததுதான்! அன்று நாம் மீட்டது இரண்டே கட்டுகள். மற்றவை கச்சான் சுருளாகிப் பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கும்.

எமது குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. நாம் சஞ்சிகைப் பித்தர். கடையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுவோம். வாசகர் கடிதத்தில் யாருக்கு யார் அடி கொடுத்திருக்கிறார் என்று பார்ப்போம். பின்னர் பேட்டி எந்தப் பக்கத்தில் என்று தேடுவோம். (இன்று நேர்காணல் என்கிறார்கள், செவ்வி என்பாருமுளர். பேட்டி என்ற சொல்லிலுள்ள உரிமை எமக்கு மற்றவற்றில் வாய்க்கவில்லை.) கதையையும் கவிதையையும் அதன் பின்னரே தொடுவோம். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஒருவர் இவ்வாறு ஒப்புக்கொள்வது அழகல்ல என்பார் உளர். அவர்களுக்கே இக்கட்டுரை.

ஈழத்துத் தமிழிலக்கியம் எங்கே பிறந்தது? நூலிலா? 1930 முதல் 1958 வரை நா. பொன்னையா தொடக்கிய 'ஈழகேசரி' வெளிவந்திராவிட்டால் எமது சிறுகதைக்கு மேடை எது? 1946 முதல் 1948 வரை வந்த 'மறுமலர்ச்சி' இன்றி ஒரு தலைமுறையின் பெயர்களை எங்கே தேடுவது? சிறுகதை முன்னோடிகளில் ஒருவரென நாம் வகுப்பில் கற்பிக்கும் இலங்கையர்கோன் 1961இல் மறைந்தார். 'வெள்ளிப் பாதசரம்' என்ற அவரது தொகுதி வெளிவந்தது 1962இல். அவர் உயிரோடிருந்த காலத்து வாசகன் அவரைச் சஞ்சிகையிலும் பத்திரிகையிலுமே வாசித்தான். அந்த வாசகனும் சோம்பேறியா? செங்கை ஆழியான் பழைய இதழ்களைத் தேடியெடுத்து 'மறுமலர்ச்சி'க் கதைகளைத் தொகுத்திராவிட்டால் எத்தனை கதைகள் கறையான் வாய்க்குப் போயிருக்கும்? அந்த இதழ்களை வீட்டு மூலையில் பாதுகாத்து வைத்தவர் யார்? இடாப்பு எழுதிய அதிகாரி அல்லர். எம்மைப் போன்ற பித்தர்களே.

பேராசிரியர் கைலாசபதி விரிவுரை மண்டபத்துக்குள் நுழையுமுன் 'தினகரன்' ஆசிரிய பீடத்தில் அமர்ந்தவர் என்பதையும் நண்பர்கள் மறக்கலாகாது. யாழ்ப்பாணத்துச் சிகை அலங்கரிப்பு நிலையமொன்றைத் தம் தொழிற்களமாகக் கொண்டிருந்த டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை', 2012 வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தது. அச்சான இதழைத் தாமே சுமந்துசென்று கைக்குக் கை விற்றவர் அவர். சாதியின் பெயரால் கல்வியும் கௌரவமும் மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், பேராசிரியர்களும் எழுத வரிசையில் நிற்கும் ஓர் ஏட்டை நடத்தினார். இதனைவிடப் பெரிய சமூகப் புரட்சியை எந்தப் பாடநூல் செய்தது? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், அச்சுத்தாள் இல்லாதபோது, கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் வடக்கில் பத்திரிகை அச்சாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கில் அதைப் படித்தவர்களிடம் போய்ப் பொழுதுபோக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

இனிப் பேட்டிக்கு வருவோம். இங்கே எம்மை எதிர்ப்பவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்லர். எமது தோழர்களும் எதிர்ப்பார்கள். பேட்டி தனிமனித வழிபாடு, முதலாளித்துவ ஏடுகள் நடிகையின் காலை உணவை விசாரிக்கக் கண்டுபிடித்த வடிவம் என்பது அவர்கள் கட்சி. ஏடுகள் அதனை அப்படிப் பயன்படுத்தியது உண்மை. அதனால் வடிவத்தையே கைவிடுவதெனின், சிறுகதையையும் நாவலையும் அன்றே கைவிட்டிருக்கவேண்டும்.

யோசித்துப் பார்த்தால் விடயம் நேர்மாறானது. தன் வாழ்வைத் தானே எழுதுவதற்கு ஓய்வு வேண்டும், மேசை வேண்டும், எழுத்துப் பயிற்சி வேண்டும். நீதிபதி நினைவுக் குறிப்பு எழுதுகிறார்; ஓய்வுபெற்ற நிருவாக அதிகாரி எழுதுகிறார். அதே காலத்தில் வாழ்ந்த கள்ளிறக்குந் தொழிலாளி எழுதுவதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவளாகி, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் உடன்பிறந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, லயத்தில் தனித்து நின்ற கொழுந்து பறிக்கும் பெண் எழுதுவதில்லை. அவள் வரலாற்றில் பேசவேண்டுமெனின் யாராவது எதிரேயமர்ந்து கேட்கவேண்டும். ஜீவா தன் வரலாற்றைத் தானே எழுதினார் என்பது உண்மையே. ஆனால் அவர் ஒருவர், அவருக்குக் கையில் ஓர் ஏடிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நுழைவுரிமை கேட்டு நின்றவர்களுள் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். அவர்களுள் எத்தனை பேரிடம் நாம் கேட்டிருக்கிறோம்?

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதில்தான் எமது முற்போக்கு ஏடுகளும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியுள்ளது. பேட்டிக்கு வருபவர் அதே பத்துப் பன்னிருவர். வினாக்களும் அதே வினாக்கள்: எழுத்துத் துறைக்கு எவ்வாறு வந்தீர்கள், பெற்ற பரிசில்கள் எவை, இளைய தலைமுறைக்கு உங்கள் அறிவுரை என்ன? அதுவும் இப்போது நேரே அமர்ந்து கேட்பதில்லை. வினாக்கொத்து மின்னஞ்சலிற் போகிறது. விடை திருத்தியெழுதிய கட்டுரையாகத் திரும்பி வருகிறது. இடைமறிப்பு இல்லை, முரண்பாடு இல்லை, "போன ஆண்டு வேறு மாதிரிச் சொன்னீர்களே" என்ற ஒரு சொல் இல்லை. இது பேட்டியன்று, தவணை முறையில் எழுதிய பொன்னாடை.

நல்ல பேட்டி எவ்வாறிருக்கும் என்பதற்குத் தமிழில் சான்றில்லாமலில்லை. தமிழகத்தில் கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை ஆசிரியராயிருந்த 'சுபமங்களா'வில் எழுத்தாளரோடு நடத்திய நீண்ட உரையாடல்களைத் தேடித் தேடி வாசித்தோர் பலர். அவை பின்னர் நூலாகவும் வந்தன. எமது நாட்டில் 1990களின் பிற்பகுதியில் எம். பௌசர் தொடங்கிய 'மூன்றாவது மனிதன்' பேட்டிக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. யுத்தத்தின் நடுவில், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய நாட்களில், அத்தகைய உரையாடலுக்குப் பக்கம் ஒதுக்குவதற்கே ஒரு துணிவு வேண்டியிருந்தது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டம் எத்தனையோ ஈழத்து இதழ்களை இன்று எவரும் வீட்டிலிருந்தே படிக்கத் தந்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியவிட்ட சமூகத்துக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. ஆயினும் மாணவர் அதனைத் திறப்பது ஒப்படைக்கு இரண்டு பந்தி வெட்டியெடுக்கவே. அவர்களைக் குறை சொல்வதற்கு முன், நாம் வகுப்பறைக்குள் ஓர் இதழை எடுத்துச் சென்று கடைசியாக எப்போது வாசித்துக் காட்டினோம் என்று எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். டியூட்டரிக் குறிப்பில் சஞ்சிகையில்லை. ஆகவே பரீட்சையில் இல்லை. ஆகவே வகுப்பிலும் இல்லை!

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் ஐவரிடம், ஊரில் ஒரு முதியவரைப் பேட்டி காணுமாறு சொன்னோம். எழுத்தாளர் வேண்டாம், பட்டம் பெற்றவர் வேண்டாம் என்பது நிபந்தனை. மூவர் தங்கள் பாட்டன்மாரோடு முடித்துக்கொண்டனர். இருவர் சீவல் தொழிலாளியாயிருந்த ஒரு பெரியவரிடம் மூன்று மாலைகள் போய்வந்தனர். அவர் முதல் நாள் ஒன்றும் பேசவில்லையாம். இரண்டாம் நாள் பனையைப் பற்றி மட்டும் பேசினாராம். மூன்றாம் நாள், தேநீர்க் கடையில் தமக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றியவரின் மகன் இன்று தம் வீட்டுக்கு வந்து வாக்குக் கேட்பதைச் சொல்லிச் சிரித்தாராம். பதினான்கு பக்கம் எழுதி வந்தார்கள். மொழியில் பிழைகள் உண்டு. நாம் அவற்றுள் பாதியைத் திருத்தாமலே விட்டோம்.

அதனை ஓர் இலக்கிய ஏட்டுக்கு அனுப்பினோம். ஆசிரியர் நல்லவர், மறுமொழி எழுதினார். பேட்டி கண்ட மாணவரின் முயற்சி பாராட்டத்தக்கது, ஆயினும் இலக்கிய ஆளுமை ஒருவரைக் கண்டு அனுப்பினால் உடன் பிரசுரிக்கலாம் என்றார். பெரியவர் கடந்த தை மாதம் காலமானார். பதினான்கு பக்கமும் எம் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இக்கட்டுரையோடு சேர்த்து அவற்றையும் இந்த ஏட்டின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறோம்.