புண்ணியம் தேடும் பிரியாணி

நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் செய்தி போடுகிறார்: "மச்சான், இந்த பர்த்டேக்கு பார்ட்டி வேண்டாம்டா. ஹோம்ல இருக்குற பசங்களுக்குச் சாப்பாடு போடலாம். ஆளுக்கு ஐநூறு." உடனே கைகூப்பும் பொம்மைகள் வரிசைகட்டி வருகின்றன. குடித்துக் கூத்தடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பசித்த பிள்ளைக்குச் சோறிடுவது என்றால் இதுதான், இதைவிடப் பெரிய தொண்டு கிடையாது என்று ஊரே நம்புகிறதே, அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

பல குழந்தைகள் இல்லங்களில் ஒரு விலைப்பட்டியல் வைத்திருப்பார்கள். காலை டிபன் இவ்வளவு, மதியச் சாப்பாடு இவ்வளவு, அசைவம் என்றால் இவ்வளவு. ஞாயிற்றுக்கிழமைக்கும் புத்தாண்டுக்கும் அடிதடி. "அன்னைக்கு மூணு வேளையும் புக் ஆயிடுச்சு சார், செவ்வாய்க்கிழமை வேணும்னா போடுங்க" என்பார் நிர்வாகி. செவ்வாய்க்கிழமை நம்மில் யாருக்கு லீவு? ஆகவே ஞாயிறு காலை ஒரு கேக், மதியம் பிரியாணி, சாயங்காலம் இன்னொரு கேக். திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம். செவ்வாயன்று என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரிக்க யாரும் வருவதில்லை.

சாப்பாடு வருவதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே ஒரு சடங்கு உண்டு. அண்டா பன்னிரண்டரைக்கே வந்துவிடும். கொடுப்பவர்கள் வந்துசேர இரண்டு மணி ஆகும். அதுவரை வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு, முன்பின் தெரியாத ஓர் அண்ணனுக்கு வாழ்த்துப்பாட்டு, அவர் குடும்பம் நன்றாக இருக்கக் கண்மூடிப் பிரார்த்தனை, கோரஸாக ஒரு தேங்க்யூ. எல்லாம் முடிந்தால்தான் இலையில் கை வைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளையை மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடு என்று ஒவ்வொரு வாரமும் இப்படி உட்காரவைத்தால் பொறுத்துக்கொள்வோமா?

அப்புறம் படம். பிள்ளையின் வாயில் ஒரு கவளத்தை ஊட்டியபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம், அன்று மாலைக்குள் நானூறு பேர் பார்வைக்குப் போய்விடுகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்கிறது. 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புண்ணியம் தேடிப் போனவர்கள் குற்றம் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது குற்றம் என்று எடுத்துச் சொல்பவனுக்குப் பொறாமைக்காரன் என்று பெயர்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பசியை இந்த வகை தர்மம் தணித்ததே இல்லை. 1920-இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது முதலில் அடுப்பேற்றியது ஊர்மக்களின் நன்கொடைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அரசு அதில் பங்கேற்று, கணக்கு வைத்து, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் உலை கொதிக்கச் செய்ததால்தான் அது திட்டமாக நிலைத்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் வந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், இந்தியா முழுவதும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. சத்துணவுக் கூடத்தில் தட்டை நீட்டும் பிள்ளை யாருக்கும் பாட்டுப் பாட வேண்டியதில்லை. சொற்பச் சம்பளத்துக்குப் புகையில் வெந்து சமைத்துப் போடும் சமையலரம்மாவோடு எவரும் படம் எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

சாத்தனாரின் மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்துக்கொண்டு ஊருக்கே சோறிட்டவன். இந்திரன் கோபங்கொண்டு பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டவைத்தான். விளைச்சல் பெருகியது, பசி போயிற்று, ஆபுத்திரனிடம் கையேந்த ஆளில்லை. அவனோ பசித்தவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தான். சாத்தனார் அவனை இரக்கத்தோடுதான் பார்க்கிறார். எனக்கு என்னவோ, அந்த மழை இந்திரன் கொடுத்த தண்டனையாகத் தெரியவில்லை. அறம் செய்ய ஏழை வேண்டும் என்ற நிலைக்கு நாமும் வந்துவிட்டோம். பிறந்தநாளுக்கு ஆதரவற்ற பிள்ளைகள் கிடைக்கவில்லையே என்று நாலு இல்லங்களுக்குப் போன் போடுகிறவன் அந்த அலைச்சலைத்தான் அலைகிறான்.

"எதுவுமே செய்யாதவன் செய்கிறவனைக் குறை சொல்லக் கூடாது" என்று பதில் வரும். ஒன்றுமில்லாததற்கு இது தேவலாம் என்ற வாதம் பெரியவர்களுக்குச் சரி. ஒரு பிள்ளையின் வளர்ப்பில் அதற்கு இடமில்லை. இல்ல நிர்வாகியைத் தனியே கேட்டுப் பாருங்கள்: மின்கட்டணம் நிற்கிறது, சமையல்காரருக்குச் சம்பளம் பாக்கி, பெரிய பெண்களுக்கு நாப்கின், இரண்டு பேருக்குக் கண்ணாடி, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள். இவற்றில் எதற்கும் மாலை மரியாதை இல்லை, ஆகவே ஆளும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். சோறு போட வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளை குடும்பத்தோடு இருக்கவே மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அந்த விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழ்களைச் சேர்த்து, மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு தாயோடு நடக்க நாலு நண்பர்கள் போதும். கேக் தேவையில்லை.

பசி எங்கே இருக்கிறது என்றாவது தேடினோமா? அடுப்பும் சமையலறையும் உள்ள இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை அது இருப்பதில்லை. அரசுப் பள்ளிக் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை பலநாள் வெறும் டீயோடு முதல் மணிக்கு உட்காருகிறது. சத்துணவு பள்ளி நாட்களில் மட்டும்தான். மே மாதம் முழுக்க அந்தத் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. செங்கல் சூளைக்குத் தாய் தகப்பனோடு இடம்பெயர்ந்த பிள்ளை எந்தப் பள்ளியின் பட்டியலிலும் இல்லை. இங்கெல்லாம் ஒரு வேளைப் பிரியாணியால் ஆவது ஒன்றுமில்லை. பத்து நண்பர்கள் சேர்ந்து, தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, முப்பது பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் காலை இட்லிக்கு வழிசெய்யலாம். மே மாதம் தெருவில் ஓர் அடுப்பு மூட்டலாம். படம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம்.

அடுத்த முறை குழுவில் "ஆளுக்கு ஐநூறு" என்று செய்தி வந்தால் தாராளமாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள்.